எத்தனை படி தெரியுது? ஓர் ஊருணிக்கு நிதி தேடிய அனுபவம்

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில், காளையார்கோவில் பக்கம். ஊர் நடுவில் இரண்டே கால் ஏக்கரில் ஓர் ஊருணி இருக்கிறது. குழாய்த் தண்ணீர் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும் சோறு வடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் இன்றைக்கும் ஊருணித் தண்ணீர்தான். குழாயில் வருவது உப்பு. அதில் பருப்பு வேகாது. ஊருணியில் செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். கால் கழுவக் கூடாது, துணி நனைக்கக் கூடாது. வடக்குக் கரையில் பதினெட்டுப் படி. தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று எங்கள் ஊரில் யாரும் அடிக்கணக்கில் பேசுவதில்லை. "எத்தனை படி தெரியுது?" என்றுதான் கேட்பார்கள்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டை வறட்சி பாதித்த மாநிலமாக அரசு அறிவித்தது. அந்தத் தைப் பொங்கலுக்கே எங்களுக்குப் பதினெட்டுப் படியும் தெரிந்தது. அடியில் வெடித்த சேறு, அதற்குள் சீமைக்கருவேலம். மழைத்தண்ணீர் வந்து சேரும் வரத்துக்கால் இருந்த இடமே தெரியவில்லை. கோயில் முன்னால் ஊர் கூடியது. திருவிழாவுக்கு வாங்குகிற மாதிரியே, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடலாம் என்று முடிவானது. ஒரு தலைக்கட்டுக்கு 500 ரூபாய், 212 தலைக்கட்டு. கணக்கு எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தவள். குழுவில் வாரா வாரம் தீர்மான நோட்டு, சேமிப்பு நோட்டு, கடன் நோட்டு எழுதிக் கை பழகியிருந்தது. அதே மாதிரி இதற்கும் ஒரு நீள நோட்டு வாங்கி, யார் எவ்வளவு கொடுத்தார்கள், ஜேசிபி எத்தனை மணி நேரம் ஓடியது, டீசல் எவ்வளவு, யார் டீ வாங்கிக் கொடுத்தார்கள் என்பதுவரை எழுதினேன். பணம் கொடுக்க முடியாதவர்கள் இரண்டு நாள் முள் வெட்டினார்கள். அதையும் பெயரோடு எழுதினேன்.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. பின்னால் நாங்கள் வாங்கிய ஒவ்வொரு ரூபாய் நிதியும் அந்த நோட்டைக் காட்டித்தான் வந்தது. "நிதி எங்கே கிடைக்கும், யார் கொடுப்பார்கள்" என்று கேட்டு எனக்கு இப்போது வாரம் ஒரு போனாவது வருகிறது. யார் கொடுப்பார்கள் என்பதைவிட, கொடுப்பவர் கேட்கப்போகும் கேள்விக்கு நம்மிடம் எழுதி வைத்த பதில் இருக்கிறதா என்பதுதான் பெரிய விஷயம். நாங்கள் அதைத் தெரிந்துகொள்ள நாலைந்து வருடம் ஆனது.

ஊர்ப் பணத்தில் பாதி ஊருணியைத்தான் தூர் வார முடிந்தது. மீதிக்கு வெளியே கேட்கலாம் என்றபோது, "உங்க பதிவு எண் என்ன?" என்றார்கள். 2018-ல் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளை பதிவு செய்தோம். சங்கமாகவும் பதிவு செய்யலாம். 1975-ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி மாவட்டப் பதிவாளருக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். எங்களுக்கு அறக்கட்டளை எளிதாகப் பட்டது. ஆனால் பத்திரம் எழுதும்போது அவசரப்பட்டோம். பத்திர எழுத்தர் வைத்திருந்த பழைய மாதிரியிலேயே பெயரை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த நேரம் ஊர்ப் பெரியப்பா ஒருவர், "நம்ம பங்காளிகள் நலனுக்காகன்னு ஒரு வரி சேர்த்துக்க" என்றார். நல்லவேளை, காரைக்குடி ஆடிட்டர் அதைப் பார்த்துவிட்டார். "அம்மா, ஒரு சாதிக்கோ ஒரு மதத்துக்கோ மட்டும்னு எழுதினீங்கன்னா வரிவிலக்கும் கிடைக்காது, நன்கொடை கொடுக்கிறவங்களுக்கு வரிச்சலுகை தர்ற 80ஜியும் கிடைக்காது. ஊர் மக்கள் எல்லாருக்கும்னு எழுதுங்க" என்றார். சட்டம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அது சட்டத்துக்காக மட்டும் செய்த திருத்தமாகப் படவில்லை. எங்கள் ஊருணியில் எல்லோரும் ஒரே படியில் இறங்கித் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தே ரொம்பக் காலம் ஆகவில்லை. அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் எங்களோடு முள் வெட்டிய பாதிப் பேர் பத்திரத்துக்கு வெளியே போயிருப்பார்கள்.

பத்திரத்தில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. அறக்கட்டளைக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ பதிவுக்கு விண்ணப்பித்ததும் வருமான வரித்துறையிலிருந்து கேள்வி வந்தது: அறக்கட்டளையைக் கலைத்தால் சொத்து யாருக்குப் போகும்? அதைப் பற்றிப் பத்திரத்தில் ஒரு வார்த்தை இல்லை. "இதே நோக்கமுள்ள வேறொரு அறக்கட்டளைக்குப் போகும், அறங்காவலர்கள் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது" என்று துணைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து அனுப்பினோம். இதற்கு மூன்று மாதம் போனது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பத்திரத்தைப் பதிவுக்கு முன்பே ஓர் ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள். அவருக்குக் கொடுக்கும் தொகையைப் போல இரண்டு மடங்கு பின்னால் மிச்சமாகும்.

அடுத்து சிங்கப்பூர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது அங்கே இருக்கிறார்கள். எனவே முதலில் நினைவுக்கு வந்ததே அவர்கள்தான். என் சொந்தத்தில் அண்ணன், தம்பி இருவர் அங்கே இருக்கிறார்கள். அண்ணன் போய் இருபது வருடத்துக்கு மேலாகிறது, அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டார். தம்பி வேலை அனுமதியில் இருக்கிறார், கையில் இந்தியக் கடவுச்சீட்டு. இருவரும் ஆளுக்கு ஐம்பதாயிரம் தருகிறேன் என்றார்கள். அறக்கட்டளையின் வங்கிக் கணக்கு எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பப் போன நேரத்தில் எதற்கும் கேட்போமே என்று ஆடிட்டருக்குப் போன் போட்டேன்.

"யார் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வச்சிருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.

தம்பியுடைய பணம் உள்நாட்டு நன்கொடை மாதிரிதான். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்துத் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது; கடவுச்சீட்டு நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வது நல்லது. அண்ணனுடைய பணம் அப்படியில்லை. அவர் நம் ஊரில் பிறந்தவர்தான், அவர் அம்மா இன்னும் அந்த ஊருணியில்தான் தண்ணீர் எடுக்கிறார். இருந்தாலும் அவர் வெளிநாட்டுக் குடிமகன். எஃப்சிஆர்ஏ என்கிற 2010-ஆம் வருட வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய் வாங்கினாலும் தப்பு. ஊருக்கு வந்து ரூபாய் நோட்டாகவே கொடுத்தாலும் தப்புதான். அந்தப் பதிவு வாங்க அமைப்பு மூன்று வருடமாவது இயங்கியிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, கடந்த மூன்று நிதியாண்டில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாய் செலவழித்தும் இருக்க வேண்டும். பணத்தை டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில் மட்டுமே வாங்க முடியும். அங்கே வாங்கியதை வேறொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. எங்களைப் போன்ற சின்ன அமைப்புக்கு இப்போதைக்கு எட்டாத உயரம். அண்ணனிடம் சொன்னபோது ரொம்ப வருத்தப்பட்டார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு அந்தப் போன் மட்டும் போடாமல் இருந்திருந்தால் எங்கள் அறக்கட்டளை முதல் வருடத்திலேயே சிக்கலில் மாட்டியிருக்கும். வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்களிடம் நன்கொடை கேட்கிறவர்கள், தொகையைப் பேசும் முன் கடவுச்சீட்டைக் கேளுங்கள்.

2019-ல் கம்பெனிகளுக்கு எழுத ஆரம்பித்தோம். கம்பெனிகள் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிடுவதை சிஎஸ்ஆர் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்னவென்று முழுதாகத் தெரியாமலேயே எழுதினோம். பதினான்கு பக்கம். பண்டைத் தமிழரின் நீர் மேலாண்மை பற்றி மூன்று பக்கம், வெடித்த நிலத்தின் படங்கள் நான்கு பக்கம், கடைசியில் "தாங்கள் மனமுவந்து உதவ வேண்டும்" என்று ஒரு பக்கம். இருபத்து மூன்று கம்பெனிகளுக்குக் கூரியர் செய்தோம். இரண்டே பதில் வந்தது, இரண்டும் மறுப்பு. அதில் ஒன்றில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரிக்குத் துணிந்து போன் செய்தேன். சின்னப் பெண் குரல். பொறுமையாகப் பேசினாள். "மேடம், படிச்சேன். எத்தனை குடும்பம் இந்தத் தண்ணியைக் குடிக்கிறாங்க? வருஷத்துல எத்தனை மாசம் தண்ணி நிக்குது? வேலை முடிஞ்சா எத்தனை மாசம் நிக்கும்? இது மூணும் பதினாலு பக்கத்துல எங்கேயும் இல்லையே" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

எங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்தது. அவருக்கு அப்போது எண்பதைத் தாண்டியிருந்தது. திண்ணையில் உட்கார வைத்து நோட்டோடு பக்கத்தில் அமர்ந்தேன். அவர் மாதக் கணக்கு சொல்லவில்லை, விசேஷக் கணக்கு சொன்னார். "உன் சின்ன அத்தை கல்யாணத்துக்கு மாசிக் களரி வரைக்கும் அஞ்சு படிதான்த்தா தெரிஞ்சுச்சு. அந்தத் தண்ணியிலதான் கல்யாணச் சோறே ஆக்குனோம். உங்க அப்பன் வீடு கட்டுன வருஷம் பங்குனிக்கே தரை தட்டிருச்சு." அத்தை கல்யாணம் எந்த வருடம், வீடு கட்டியது எந்த வருடம் என்று கல்யாணப் பத்திரிகையையும் வீட்டுப் பட்டாவையும் பார்த்து வருடம் போட்டேன். இன்னும் ஐந்து வயதானவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப் பார்த்தேன். ஒத்துவராததை விட்டுவிட்டேன். இப்படிப் பதினோரு வருடத்துக்கு ஓர் அட்டவணை தேறியது. அந்த வாரமே படித்துறையில் ஒவ்வொரு படிக்கும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதி, வெள்ளிக்கிழமை தோறும் எத்தனை படி தெரிகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து எழுத ஆரம்பித்தோம். அந்த நோட்டு இன்றும் ஓடுகிறது.

அடுத்த விண்ணப்பம் நான்கே பக்கம். முதல் பக்கத்தில் அந்த அட்டவணை. இரண்டாம் பக்கத்தில் 2017 தலைக்கட்டு வரி: 212 வீடு, 1,06,000 ரூபாய், என்ன வேலை நடந்தது, மீதி என்ன கிடக்கிறது. மூன்றாவதில் செலவுத் திட்டம். நான்காவதில் இடம் யாருடையது என்பதற்கான ஆதாரப் பட்டியல்: நில அளவைப் படம், நிலம் யார் பெயரில் என்று காட்டும் அ-பதிவேட்டின் நகல், ஊராட்சித் தீர்மானம், வட்டார வளர்ச்சி அலுவலரின் அனுமதிக் கடிதம். நீர்நிலையில் வேலை செய்யப்போகும் எவரும் இந்த நான்கையும் நிதி கேட்கும் முன்பே வாங்கி வைத்திருங்கள். கம்பெனிக்காரர்கள் அரசு இடத்தில் பணம் போடப் பயப்படுவார்கள். அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி போகும்.

இனி யாரிடம் கேட்பது என்பதற்கு வருகிறேன். நாங்கள் முதலில் செய்த தவறு, பேர்பெற்ற பெரிய கம்பெனிகளுக்கே எழுதியது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். ஐந்து கோடி லாபம் பார்க்கிற ஒரு நூற்பாலைக்கு வருடத்துக்குப் பத்து லட்சம் வாக்கில் செலவழிக்க வேண்டியிருக்கும். எங்களுக்குத் தேவையோ எட்டு லட்சம். பெரிய கம்பெனிக்கு எட்டு லட்சத்து வேலை தொந்தரவு. அவர்கள் ஒரே இடத்தில் ஒரு கோடி கொடுக்கத்தான் பார்ப்பார்கள். சின்னக் கம்பெனிக்கு நாம் சரியான அளவு. அதோடு, செலவிட வேண்டிய தொகை 50 லட்சத்துக்குள் இருந்தால் அவர்களுக்குத் தனி சிஎஸ்ஆர் குழுகூடத் தேவையில்லை, இயக்குநர்களே முடிவெடுக்கலாம். நான்கு பேர் உட்கார்ந்து பேசினால் முடிந்தது. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் சட்டம் சொல்கிறது. எனவே மதுரை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கத்துக் கம்பெனிகளாகப் பட்டியல் போட்டோம்.

பட்டியல் போட இன்னொரு வழியும் உண்டு. கம்பெனிகளின் ஆண்டறிக்கையில் சிஎஸ்ஆர் இணைப்பு என்று ஒரு பகுதி வரும். எந்த மாவட்டத்தில், என்ன வேலைக்கு, எவ்வளவு, எந்த அமைப்பின் மூலம் செலவழித்தார்கள் என்று அதில் இருக்கும். நான் என் மகனை உட்கார வைத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை அதையே படித்தேன். பக்கத்து மாவட்டத்தில் சின்னத் தொகைக்கு நீர்நிலை வேலை செய்தவர்கள் யார் என்று தேடினோம். அப்படி வேலை செய்த ஓர் அமைப்பினரை நேரில் போய்ப் பார்த்தோம். எந்தக் கம்பெனி பணத்தை நேரத்துக்குக் கொடுக்கிறது, எது இழுத்தடிக்கிறது என்று அவர்கள் சொன்னது எந்த அறிக்கையிலும் கிடைக்காது.

அதற்குள் கொரோனா. பிறகு 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் மாறின. சிஎஸ்ஆர் பணம் வாங்கும் அமைப்பு, சிஎஸ்ஆர்-1 என்ற படிவம் போட்டுக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் எண் வாங்க வேண்டும். அதற்கு 12ஏ, 80ஜி இரண்டும் வேண்டும், மூன்று வருட வேலை அனுபவம் வேண்டும். படிவத்துக்குக் கட்டணம் கிடையாது. டிஜிட்டல் கையொப்பத்துக்கும் ஆடிட்டர் சான்றுக்கும்தான் செலவு. அதே ஆண்டில் பழைய 12ஏ, 80ஜி வைத்திருந்தவர்களும் வருமான வரித் தளத்தில் மறுபடி பதிய வேண்டியிருந்தது. எங்கள் பக்கம் நாலைந்து நல்ல அமைப்புகள் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டுப் பின்னால் அலைந்தன. தன்னார்வ அமைப்புகள் பதிவதற்கான நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் வாங்கும் எண்ணையும் எல்லோரும் கேட்கிறார்கள், இலவசம்தான், வாங்கிவிடுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொண்டு இருக்காமல் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2022 பிப்ரவரியில் அந்தப் போன் வந்தது. மதுரைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று, ஏழு மாதத்துக்கு முன் நாங்கள் கொடுத்த நான்கு பக்கத்தைத் தேடி எடுத்திருந்தார்கள். "எட்டு லட்சம் இருக்கு. மார்ச் 31-க்குள்ள வேலையை முடிச்சுக் கணக்குக் கொடுக்க முடியுமா?" என்றார் அதிகாரி. அவர்கள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. 2021-லிருந்து, பல வருடம் ஓடும் தொடர் திட்டத்துக்கென்று ஒதுக்காத பணம் அந்த வருடம் செலவாகாவிட்டால் அதை அரசு நிதிக்குக் கட்டிவிட வேண்டும். அமைப்பின் கணக்குக்கு அனுப்பிவிட்டால் மட்டும் செலவாகாது. அமைப்பு அதைச் செலவழித்து முடித்திருக்க வேண்டும். எனவே ஜனவரி, பிப்ரவரியில் பல கம்பெனிகள் ஆயத்தமாக இருக்கிற அமைப்பைத் தேடுவார்கள். காகிதம் எல்லாம் கையில் இருந்தால் உங்களுக்கு அந்த வாய்ப்பு வரும்.

எங்களுக்கு வந்தது. ஆனால் 2021 ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. பிப்ரவரியில் ஊருணியில் ஏழு படிதான் தெரிந்தது. மீதிப் பதினொரு படிக்குத் தண்ணீர். எப்படித் தூர் வாருவது?

ராத்திரி அறங்காவலர்கள் கூடினோம். எட்டு லட்சம், ஐந்து வருடம் அலைந்து வந்த பணம். ஒருவர், "ரெண்டு மோட்டார் போட்டா நாலு நாள்ல இறைச்சிடலாம், ஐப்பசியில மறுபடி பெருகப்போகுது" என்றார். இன்னொருவர் தலையாட்டினார். நானும் அந்தப் பக்கம் சாய ஆரம்பித்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வாசலில் படுத்திருந்த அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார். "ஊரே குடிக்கிற தண்ணிய இறைச்சு ஊத்திட்டு அப்புறம் எதுக்குத்தா அதை வெட்டுறீக?" என்றார். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மறுநாள் காலை அதிகாரிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். தண்ணீர் கிடக்கும்போது செய்யக்கூடிய வேலை எது என்று ராத்திரியே பிரித்து வைத்திருந்தோம். வரத்துக்கால் அறுநூறு மீட்டர் சீர் செய்வது, மூன்று பக்கம் கம்பி வேலி, உடைந்த மேல்படிகளைச் சரி செய்வது. இதற்கு 3,60,000 ரூபாய். மார்ச்சுக்குள் முடித்துத் தருகிறோம். தூர் வாரும் வேலை ஆடியில் தண்ணீர் அடியில் போன பிறகுதான் செய்ய முடியும். அதற்கு அடுத்த நிதியாண்டில் கொடுங்கள், முடியாவிட்டால் வேண்டாம் என்றேன். பணம் கைவிட்டுப் போகும் என்றுதான் நினைத்தேன். அவர் வெள்ளிக்கிழமை நோட்டின் படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பத்து நாளில் ஒப்புதல் வந்தது, தூர் வாரும் வேலை அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கப்பட்டதாகக் கடிதமும் வந்தது. கொடுப்பவர் சொல்லும் தேதிக்கு ஆமாம் போடுவதுதான் மரியாதை என்று அதுவரை நினைத்திருந்தேன். காரணத்தோடு முடியாது என்று சொன்னதில்தான் அவர்களுக்கு எங்கள்மேல் நம்பிக்கை வந்தது என்று அவரே பிறகு சொன்னார்.

வேலை நடக்கும்போது பட்ட அடிகளும் உண்டு. வேலிக்கு மூன்று இடத்தில் விலைப்புள்ளி வாங்கினோம், குறைந்ததைத் திட்டத்தில் போட்டோம். பில் வந்தபோது 18 சதவீத ஜிஎஸ்டி தனியாக ஏறியிருந்தது. 32,400 ரூபாய் துண்டு. கம்பெனியிடம் மறுபடி கேட்கக் கூச்சப்பட்டு ஊரில்தான் வசூல் செய்தோம். விலைப்புள்ளி வாங்கும்போதே வரி உள்பட எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

பணம் மொத்தமாக வராது. எங்களுக்கு ஐம்பது, நாற்பது, பத்து என்று மூன்று தவணை. கடைசிப் பத்து சதவீதம், பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கைச் சான்றும் கொடுத்த பிறகு. 2022 ஆவணியில் தூர் வாரி முடித்தோம், கடைசித் தவணை தை மாதம்தான் வந்தது. ஜேசிபிக்காரர் எங்கள் ஊர்க்காரர் என்பதால் பொறுத்தார். வெளியூர்க்காரராக இருந்திருந்தால் வாசலில் வந்து நின்றிருப்பார். இப்போதெல்லாம் ஒப்பந்தம் போடும்போதே வேலைக்காரர்களிடம், "கடைசிப் பத்து சதவீதம் எங்களுக்கு வந்த பிறகுதான் உங்களுக்கு" என்று எழுத்தில் சொல்லிவிடுகிறோம். கூலிக்கு அப்படிச் செய்வதில்லை. கூலி சனிக்கிழமை கொடுத்துவிட வேண்டும், அதற்கென்று ஊர் நிதியில் ஐம்பதாயிரம் எப்போதும் தனியாகக் கிடக்கும்.

ரொக்கத்தில் கவனமாக இருங்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அது செலவாக ஏற்கப்படாது. வாங்கும் பக்கத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக நன்கொடை கொடுத்தவருக்கு 80ஜி சலுகை இல்லை. கூலி வாங்கிய பெண்கள் ஒவ்வொருவரிடமும் ரசீதில் கையெழுத்தோ கைரேகையோ வாங்கினோம். படம் எடுப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தோம்: தெற்குக் கரை வேப்பமரத்தடியில் ஒரு கல் நட்டு, வேலைக்கு முன், நடுவில், பின் எல்லாப் படமும் அந்தக் கல்லில் நின்றே, நாளும் இடமும் பதியும் கேமரா செயலியில் எடுத்தோம். மூன்று படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளக்கமே தேவையில்லை.

நிர்வாகச் செலவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "5 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது, சட்டம்" என்று சில கம்பெனிகளில் சொல்வார்கள். சட்டத்தில் இருக்கிற 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சொந்த நிர்வாகத்துக்கு எடுத்துக்கொள்ளும் செலவுக்கு. நம் அமைப்பில் கணக்கு எழுதுபவரின் சம்பளம், வேலையை மேற்பார்க்கப் போகும் பெட்ரோல், தணிக்கைக் கட்டணம் எல்லாம் வேலைக்கு ஆகும் செலவுதான். ஒளிக்காமல் திட்டத்திலேயே எழுதுங்கள், கேட்டால் விளக்குங்கள். சின்ன அமைப்புகள் பலவற்றில் செயலாளரின் வீட்டுப் பணத்தில்தான் இது எல்லாம் ஓடுகிறது. நானும் மூன்று வருடம் அப்படி ஓட்டினேன். அது நல்லதல்ல, வீட்டில் ஒரு கஷ்டம் வந்தால் அன்றைக்கே அமைப்பு நின்றுவிடும்.

தரகர்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். சிஎஸ்ஆர் எண் வாங்கிய சில மாதங்களில் எங்களுக்கு ஒரு போன். மதுரைக்கு வரச் சொன்னார்கள். நானும் பொருளாளரும் போனோம். ஒரு லாட்ஜின் கீழ்த்தள ஓட்டலில் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஒரு கோடி வாங்கித் தர்றோம். அறுபது லட்சத்தைச் சொல்ற ஆளுக்குத் திருப்பிக் கொடுத்திருங்க. நாப்பது உங்களுக்கு, ஊரையே மாத்திரலாம்" என்றார்கள். பொருளாளர் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். வேறு சிலர் முன்கட்டணமாக ஐம்பதாயிரம் கேட்பார்கள், பிறகு போனை எடுக்க மாட்டார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் நாம். நாளைக்குத் துறை கேட்டால் நிற்கப்போவதும் நாம்தான். நிதி வாங்கித் தரக் கமிஷன் கேட்கும் எவரோடும் இரண்டாவது முறை பேச வேண்டாம்.

அரசுப் பக்கமும் வழி இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். நீர்நிலை என்றால் பாதிக்குப் பாதி. வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். விவசாயம், நீர்வடிப்பகுதி சார்ந்த வேலை என்றால் நபார்டு என்கிற விவசாய, ஊரக வளர்ச்சி வங்கியின் மாவட்ட வளர்ச்சி மேலாளரைப் பார்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் அவர் கேட்டதும் அதே கேள்விதான், ஊர் எவ்வளவு போட்டிருக்கிறது என்று. 2017 நோட்டை எடுத்துக் காட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தவர் பெயர்வரை இருப்பதைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார்.

இப்போது ஊரின் மேற்கே இருக்கிற இரண்டாவது ஊருணிக்கு வேலை தொடங்கியிருக்கிறோம். அதற்கு எந்தக் கம்பெனிக்கும் இன்னும் எழுதவில்லை. முதலில் தலைக்கட்டு வரி, இந்த முறை 700 ரூபாய். படியே இல்லாத ஊருணி அது. எனவே ஒரு கல்தூணில் அளவு போட்டு நட்டிருக்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் அதற்குத் தனி நோட்டு வைத்திருக்கிறார்கள். அப்பத்தா போன வருடம் போய்விட்டார். பழைய ஊருணி நோட்டை இப்போது அவருடைய கொள்ளுப்பேத்தி எழுதுகிறாள். சென்ற வெள்ளிக்கிழமைக்கு எதிரே நான்கு படி என்று எழுதியிருக்கிறாள்.